இரண்டு கை, இரண்டு கால், ஒரு நீர்மூழ்கி

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். எழுதுபவன் படித்தது பி.காம். இஞ்சினியர் நண்பர்கள் பொறுத்தருள்க.

விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப் போகிற இடம் ஆர்.கே. பீச்சில் மணல்மேல் நிற்கும் குர்சுராதான். சோவியத் யூனியனில் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல். 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 91 மீட்டர் நீளம். 2002இல் கரைக்கு இழுத்து மியூசியம் ஆக்கிவிட்டார்கள். உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் குழாய், வால்வு, சக்கரம், மீட்டர். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்ட ஓட்டைக்குள் குனிந்து நுழைய வேண்டும். (என் தொப்பையோடு அது தனிக் கதை.)

ஐந்தாறு முறை பார்த்து அலுத்துப் போன என் பையன், ஒன்பதாம் வகுப்பு, ஒரு நாள் உள்ளே நின்றுகொண்டு கேட்டான்: "அப்பா, இதுல ஸ்டீயரிங் எது?"

சுற்றிலும் பார்த்தேன். குறைந்தது இருபது சக்கரமாவது கண்ணில் பட்டது. "எல்லாமேதான்டா" என்று சொல்லித் தப்பித்துவிட்டேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்த வாரம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நீர்மூழ்கி செய்யப் போகிறேன் என்றான். இரண்டு லிட்டர் பாட்டிலில் கூழாங்கல் போட்டு, பாதி தண்ணீர் ஊற்றி, மூடி, டிரம்மில் விட்டோம். முழுகியது. ஆனால் படுத்தபடி முழுகவில்லை. மூக்கைக் கீழே குத்தி, செங்குத்தாக நின்று, அப்படியே அடியில் போய் இடித்தது. கல்லை இடம் மாற்றினோம். இப்போது வால் கீழே, மூக்கு மேலே.

சரி, பாட்டிலோடு போகட்டும் என்று விட்டேன். அதற்கப்புறம் அவன் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. "அப்பா, அந்த ஊதா பிளாஸ்டிக் டிரம் இருக்கில்ல, அதுலயே ஒரு ஆள் உக்கார்ற மாதிரி பண்ணலாம். பீமிலிகிட்ட கடல் ஆழமே இல்ல."

"கூடாது" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் பதினான்கு வயதுப் பையனிடம் காரணமில்லாமல் "கூடாது" என்றால் என்ன ஆகும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். காரணம் தேடினேன். வீட்டிலேயோ பட்டறையிலேயோ சொந்தமாக நீர்மூழ்கி கட்டி, தானே உள்ளே உட்கார்ந்து ஓட்டியவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆனது என்று இரண்டு மூன்று மாதம் படித்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

பிரச்சினை என்ன?

சாலையில் வண்டி ஓட்டுபவனுக்கு இடமா வலமா என்ற ஒரே கேள்விதான். மேலே கீழே போவதை ரோடு பார்த்துக்கொள்ளும். படகுக்கும் அப்படியே. மேல் கீழ் கணக்கைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்.

நீர்மூழ்கிக்கு அந்த வசதி கிடையாது. அது தண்ணீரைவிடத் துளி கனமாக இருந்தால் கீழே போகும். "பாதியில் நில்" என்றால் நிற்காது, தரை தட்டும் வரை போகும். பலூன் அப்படி இல்லை. மேலே போகப் போகக் காற்று லேசாகிவிடுவதால் ஏதோ ஓர் உயரத்தில் பலூன் தானாக நின்றுவிடும். தண்ணீர் அப்படி அடர்த்தி மாறுவதில்லை. அதைவிட மோசம், ஆழம் போகப் போகக் கப்பலின் உடம்புதான் கொஞ்சம் நசுங்கி, மிதக்கும் சக்தி குறைகிறது. அதாவது, இறங்க ஆரம்பித்தால் இன்னும் வேகமாக இறங்கத்தான் தோதாகும்.

இரண்டாவது சங்கடம், சாய்வு. மேற்பரப்பில் மிதக்கும் படகின் முன்பக்கம் அமிழ்ந்தால், அந்தப் பக்கம் அதிகத் தண்ணீர் விலகி, படகை மேலே தள்ளி நேராக்கிவிடும். முழுக்க முழுகிய பிறகு இந்த உதவி இல்லை. கனம் கீழேயும் மிதப்பு மேலேயும் இருப்பதால் கிடைக்கும் சிறு பிடிப்பு மட்டும்தான் மிச்சம். நீளமான கப்பலை முன்பின்னாகச் சாய்க்க, உள்ளே ஒரு சின்ன எடை நகர்ந்தாலே போதும்.

ஆக இடம் வலம், ஆழம், சாய்வு என்று மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். ஓட்டுபவருக்கு இருப்பதோ இரண்டு கை, இரண்டு கால்.

ஆமைக்குள் ஒருவர்

1775இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் டேவிட் புஷ்னல் என்பவர் ஒரு நீர்மூழ்கி செய்தார். யேல் கல்லூரியில் படித்தவர். இரண்டு ஆமை ஓடுகளைச் சேர்த்து நிமிர்த்தி வைத்தாற்போல ஓக் மரத்தில் செய்தது. அதனால் பெயரே 'ஆமை'. உள்ளே ஒரே ஒருவர் உட்காரலாம்.

அந்த ஒருவரின் வேலைப் பட்டியலைப் பாருங்கள். முன்னால் போக ஒரு திருகு விசிறியைச் சுற்ற வேண்டும். மேலே கீழே போகத் தலைக்கு மேல் இன்னொரு விசிறி, அதையும் சுற்ற வேண்டும். பின்னால் இருக்கும் சுக்கானின் கைப்பிடி வளைந்து பக்கவாட்டில் உள்ளே வரும், அதைப் பிடிக்க வேண்டும். இறங்குவதற்குக் காலால் ஒரு வால்வை அமுக்கித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். ஏறுவதற்குப் பம்பை அடித்து அதை வெளியேற்ற வேண்டும். இதற்கிடையே காம்பஸையும் ஆழமானியையும் பார்க்க வேண்டும். மூச்சுக் காற்று அரை மணி நேரத்துக்குத்தான். ஆபத்து என்றால் கழற்றி விட அடியில் 200 பவுண்டு ஈயம், அதாவது சுமார் 90 கிலோ.

வெளிச்சத்துக்கு விளக்கு ஏற்றினால் இருக்கிற காற்றையும் அது தின்றுவிடும். எனவே உளுத்த மரத்தில் வளரும், இருட்டில் ஒளிரும் ஒரு பூஞ்சையைக் காம்பஸ் முள்ளில் ஒட்டினார்கள். குளிர் வந்ததும் அந்தப் பூஞ்சை மங்கிவிட்டது. மாற்று வழி கேட்டு பெஞ்சமின் பிராங்க்ளின் வரைக்கும் விஷயம் போனது.

ஓட்டுவதற்கு நன்றாகப் பழகியிருந்தவர் புஷ்னலின் தம்பி எஸ்ரா. முக்கியமான நேரத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்து, எஸ்ரா லீ என்ற சார்ஜண்டை உட்கார வைத்தார்கள். 1776 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு நியூயார்க் துறைமுகத்தில் 'ஈகிள்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைத் தாக்கப் போனார். நீரோட்டம் அவரைக் கப்பலைத் தாண்டி இழுத்துப் போய்விட, இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வந்தார். கப்பலுக்கு அடியில் சேர்ந்தும் விட்டார். ஆனால் வெடியை மாட்டுவதற்கான திருகு அடிப்பாகத்தில் ஏறவே இல்லை. கொஞ்சம் நகர்ந்து வேறு இடத்தில் முயலப் பார்த்தபோது கப்பலுக்கு அடியிலிருந்து விலகி மேலே வந்துவிட்டார். விடியத் தொடங்கியதால் திரும்பும் வழியில் வெடியைக் கழற்றி விட, அது ஆற்றில் யாருக்கும் சேதமில்லாமல் வெடித்தது.

திருகு ஏன் ஏறவில்லை என்று இன்றும் விவாதம் நடக்கிறது. எனக்குப் பட்டது வேறு. தண்ணீரில் மிதக்கும் ஒன்றிலிருந்துகொண்டு மேல்நோக்கித் திருகினால், திருகு இறங்குவதற்குப் பதில் நாம்தான் விலகிப் போவோம். அந்த இடத்தில் 'ஆமை'யை ஆடாமல் நிறுத்திப் பிடிப்பதற்கே இன்னொரு ஜோடி கை வேண்டும்.

சுக்கானைப் படுக்க வைத்தவர்

1800இல் பிரான்சில் 'நாட்டிலஸ்' என்ற நீர்மூழ்கியைச் செய்த ராபர்ட் ஃபுல்டன், பின்னாளில் நீராவிப் படகால் பெயர் பெற்ற அதே ஃபுல்டன். அவருடைய முக்கியமான யோசனை சுலபமானது. சுக்கானை நிமிர்த்தி வைத்தால் இடம் வலம் திருப்புகிறது. அதையே படுக்க வைத்தால் மேல் கீழ் திருப்பாதா? திருப்பும். இன்றைய நீர்மூழ்கிகள் எல்லாவற்றிலும் இருக்கும் கிடைச் சுக்கானுக்கு அதுதான் ஆரம்பம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சுக்கான் வேலை செய்ய, அதன்மேல் தண்ணீர் வேகமாகப் பாய வேண்டும். கையால் விசிறியைச் சுற்றி ஓட்டும் கப்பலுக்கு வேகம் எங்கிருந்து வரும்? நல்ல யோசனைதான், எஞ்சினுக்காக 80 வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாதித் தொட்டி

இப்போது என் பையனின் பாட்டிலுக்கு வருவோம். அதே தவறை 1851இல் ஜெர்மனியில் ஒருவர் ஆள் உள்ளே இருக்கும்போதே செய்திருக்கிறார்.

வில்ஹெல்ம் பாவர் பவேரியாவைச் சேர்ந்தவர். கடைசல் தொழில் கற்று, பீரங்கிப் படையில் கார்ப்பரலாக இருந்தவர். கீல் நகரில் அவர் கட்டியதன் பெயர் 'பிராண்ட்டாக்கர்'. இருவர் பெரிய சக்கரத்தைக் காலால் மிதிக்க, மூன்றாமவரான பாவர் சுக்கானைப் பிடிப்பார். சாய்வைச் சரிசெய்ய ஒரு கனமான எடையை முன்னும் பின்னும் நகர்த்தும் ஏற்பாடு இருந்தது. இறங்குவதற்குத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அதற்குத் தனி மூடிய தொட்டிகள் வேண்டும் என்பதுதான் திட்டம். பணம் போதவில்லை. செலவைக் குறைக்கத் தொட்டிகளை வெட்டினார்கள். தண்ணீர் நேராகக் கப்பலின் அடிவயிற்றில் தளம்பியது.

என்ன ஆகும்? கப்பல் கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் தண்ணீரும் பின்னால் ஓடும். தண்ணீர் ஓடியதால் பின்பக்கம் இன்னும் கனமாகும். இன்னும் சாயும். இன்னும் தண்ணீர் ஓடும்.

எங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் இடம். அதில் ஒன்றுமே இல்லாவிட்டால் நிம்மதி. பாதி நிரம்பிக் கிடந்தால் என்றைக்கு எந்தப் பக்கம் சாயும் என்று மேனேஜருக்குத் தூக்கம் வராது. பாதி நிரம்பிய தொட்டியும் அப்படித்தான். காலித் தொட்டியும் ஆடாது, முழுத் தொட்டியும் ஆடாது.

1851 பிப்ரவரி 1ஆம் தேதி கீல் துறைமுகத்தில் பாவரும் இரண்டு பேரும் இறங்கினார்கள். கப்பல் பின்பக்கமாகச் சரிந்து, அடியில் போய் உட்கார்ந்தது. அழுத்தத்தில் உடம்பு நெளிந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கதவைத் திறக்க முடியாது, வெளியே தண்ணீரின் அழுத்தம். பாவர் அப்போது சொன்ன வழி கேட்கவே பயங்கரமானது: இன்னும் தண்ணீரை உள்ளே விடுவோம், உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, வெளி அழுத்தத்துக்குச் சமமானதும் கதவு திறக்கும். கூட இருந்தவர்கள் முதலில் சம்மதிக்கவில்லை. பல மணி நேரம் கழுத்தளவு குளிர்நீரில் காத்திருந்து, கதவு திறந்து, மூன்று பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். 1887இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கப்பல் இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் ராணுவ மியூசியத்தில் இருக்கிறது.

21 பேர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தவர் கட்டிய 'ஹன்லி' பற்றி எழுதாமல் இதைத் தாண்ட முடியாது. சுமார் 40 அடி நீளம். ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரு நீண்ட கிராங்கைக் கையால் சுற்றுவார்கள். முன்னால் நிற்கும் கமாண்டர் ஒருவரே சுக்கான், ஆழத்துக்கான நெம்புகோல், முன்தொட்டியின் வால்வு, அதன் பம்பு எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி.

1863 ஆகஸ்ட் 29: கரையோரம் கதவுகள் திறந்திருந்தபோதே கப்பல் திடீரென்று முழுகியது. கமாண்டரின் கால் தவறுதலாக ஆழத்துக்கான நெம்புகோலில் பட்டுவிட்டது என்று சொல்லப்படுகிறது. 5 பேர் இறந்தார்கள்.

1863 அக்டோபர் 15: கட்டுவதற்குப் பணம் போட்ட ஹோரஸ் ஹன்லியே ஓட்டினார். கப்பல் மூக்கைக் கீழே குத்தி சேற்றில் நின்றது. பிறகு தூக்கிப் பார்த்தபோது முன்தொட்டியின் வால்வு மூடப்படாமல் இருந்தது. அந்தத் தொட்டிகளின் சுவர்கள் கூரை வரை போகவில்லை, நிரம்பினால் ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வழிந்துவிடும். ஹன்லி உள்பட 8 பேர் இறந்தார்கள்.

1864 பிப்ரவரி 17: லெப்டினன்ட் டிக்சன் தலைமையில் போய் 'ஹவுசடானிக்' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. எதிரிக் கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி என்ற பெயர் கிடைத்தது. திரும்பி வரவில்லை. இன்னும் 8 பேர். 2000ஆவது வருடம் ஆகஸ்டில்தான் அதைக் கடலிலிருந்து தூக்கினார்கள்.

ஆக மொத்தம் 21 பேர். முதல் இரண்டு விபத்துகளிலும் எதிரி கிடையாது, குண்டு கிடையாது. ஒரு காலும் ஒரு வால்வும்தான். ஒரே ஆளின் தலையில் ஐந்து வேலையைக் கட்டி, ஒன்றை மறந்தாலும் சாவு என்று வைத்தால், என்றாவது ஒரு நாள் ஒன்று மறக்கத்தான் செய்யும். கேஷ் கவுண்டரில் ஒரே ஆளிடம் இரண்டு சாவியையும் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி வைத்திருப்பது சும்மா இல்லை.

வாத்தியார் கண்டுபிடித்தது

எல்லாவற்றுக்கும் விடை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடமிருந்து வந்தது. ஜான் ஹாலண்ட், 1841இல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கிட்டப்பார்வை. 1873இல் அமெரிக்கா போய் நியூஜெர்சியின் பேட்டர்சன் ஊரில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1875இல் ஒரே ஆள் பெடல் மிதித்து ஓட்டும் குட்டி நீர்மூழ்கிக்கு வரைபடம் போட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். வேண்டாம் என்று திருப்பி விட்டார்கள்.

1878இல் 14 அடி நீளத்தில் தன் முதல் நீர்மூழ்கியை உண்மையிலேயே செய்து, ஊர் ஆற்றில் இறக்கினார். ஆழத்துக்கான கிடைச் சுக்கான்களை நடுவில், இரண்டு பக்கமும் வைத்திருந்தார். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும்: நடுவில் பிடித்து அமுக்கினால் நேராக இறங்குமே! இறங்கவில்லை, அந்த இடத்தில் அவற்றுக்குப் பலமே இல்லை. அந்தக் கப்பலிலிருந்து வேண்டியதைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை ஆற்றிலேயே மூழ்கடித்துவிட்டு, அடுத்ததில் சுக்கான்களைக் கடைசிக்கு, வாலுக்குக் கொண்டு போனார். மீனுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே.

1881இல் வெளிவந்த அந்த அடுத்த கப்பலுக்கு 'ஃபீனியன் ராம்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 31 அடி, 3 பேர், பெட்ரோலிய எஞ்சின். அதற்குள் ஹாலண்டின் கொள்கை தெளிவாகிவிட்டது. நான் புரிந்துகொண்ட அளவில் மூன்றே வரிதான்.

ஒன்று, முழுகும்போது தொட்டி முழுதாக நிரம்பியிருக்க வேண்டும், உள்ளே எதுவும் நகரக் கூடாது. கனத்தின் மையம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

இரண்டு, கப்பல் எப்போதும் தண்ணீரைவிடத் துளி லேசாகவே இருக்க வேண்டும்.

மூன்று, எஞ்சின் வேகத்தில், வால் சுக்கானால் மூக்கைச் சாய்த்து, அதைத் தண்ணீருக்குள் செலுத்த வேண்டும்.

இரண்டாவது வரியை மறுபடி படியுங்கள். எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும்? கப்பல் தானாக மேலே வந்துவிடும். அதற்கு முன் எத்தனையோ பேர் 'எப்படி இறக்குவது' என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இந்த மனிதர் மறந்தாலும் மேலே வருகிற மாதிரி ஒன்றைச் செய்தார். ஓட்டுபவரின் ஐந்து வேலை இரண்டாகக் குறைந்துவிட்டது: ஒரு நிமிர்ந்த சுக்கான், ஒரு படுத்த சுக்கான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கப்பலுக்குப் பணம் கொடுத்தது அயர்லாந்து விடுதலைக்காக அமெரிக்காவில் இயங்கிய ஃபீனியன்கள். பணத் தகராறில் 1883 நவம்பரில் அவர்களே அதை ராத்திரியோடு ராத்திரியாகத் திருடிக்கொண்டு நியூஹேவன் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே தாங்களாகவே ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டிய லட்சணத்தைப் பார்த்து, மற்றக் கப்பல்களுக்கு ஆபத்து என்று துறைமுக அதிகாரி தடை போட்டுவிட்டாராம்! ஹாலண்ட் உதவிக்குப் போகவில்லை. கப்பலைத் திருடலாம், பழக்கத்தைத் திருட முடியுமா? அந்தக் கப்பல் இப்போதும் பேட்டர்சன் மியூசியத்தில் இருக்கிறது. ஆற்றில் மூழ்கடித்த முதல் கப்பலையும் 1927இல் தேடி எடுத்து அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

ஹாலண்டின் ஆறாவது கப்பலை 1900 ஏப்ரல் 11ஆம் தேதி அமெரிக்கக் கடற்படை 1,50,000 டாலருக்கு வாங்கியது. 25 வருடம் முன்பு வேண்டாம் என்ற அதே கடற்படை.

தரையில் உருளலாமே

ஹாலண்டுக்குப் போட்டியாளர் சைமன் லேக். ஜூல்ஸ் வெர்ன் கதை படித்துப் பைத்தியமானவர். 1894இல் பைன் மரத்தில் 14 அடியில் ஒரு பெட்டி மாதிரி செய்தார். அடியில் சக்கரம்! கடல் தரையில் போய் உட்கார்ந்து, உள்ளிருந்து கையால் சுற்றி வண்டி மாதிரி உருட்டுவது. காற்றை அடைத்து வைக்கச் சோடாக் கடை டாங்க். வீட்டில் செய்தது என்று சொல்லப் பொருத்தமானது இதுதான். மேல் கீழ்ப் பிரச்சினையைத் தரையிடமே ஒப்படைத்துவிட்ட புத்திசாலித்தனத்தை ரசித்தேன்.

பின்னால் அவர் பெரிய கப்பல்கள் கட்டியபோது, மூக்கைச் சாய்க்காமல் கிடையாகவே இறங்க வேண்டும் என்று பக்கவாட்டு இறக்கைகள் வைத்தார். சாய்ந்து இறங்குவதா, கிடையாக இறங்குவதா என்று இருவருக்கும் பெரிய சண்டை. கடைசியில் கடற்படைகள் இருவரையும் எடுத்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போர்க் கால நீர்மூழ்கிகளில் முன் இறக்கைக்கு ஒருவர், அவர் ஆழத்தைப் பார்ப்பார். பின் இறக்கைக்கு ஒருவர், அவர் சாய்வைப் பார்ப்பார். இடம் வலத்துக்கு இன்னொருவர். எஸ்ரா லீ தனியாகச் சுமந்த வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பையன் கேட்ட "ஸ்டீயரிங் எது" என்ற கேள்விக்கு நான் அன்று சொன்ன "எல்லாமேதான்" கிட்டத்தட்டச் சரியான பதில்தான் போலிருக்கிறது!

சொந்த நீர்மூழ்கி கட்டுகிறவர்கள் பிறகும் நிற்கவில்லை. அமெரிக்கக் கடற்படையில் ஓய்வு பெற்ற கேப்டன் ஜார்ஜ் கிட்ரெட்ஜ் என்பவர் ஒரே ஆள் உட்காரும் கே-250 என்ற குட்டி நீர்மூழ்கியை வடிவமைத்தார். 250 அடி ஆழத்துக்கு. இப்படிப்பட்டவை மெதுவாகப் போவதால் சுக்கானுக்குப் பலம் போதாது. எனவே சின்னச் சின்ன மின்விசிறிகளை வைத்து, இடப்பக்கம் வேகம் வலப்பக்கம் மெதுவு என்று திருப்புவதும், விசிறியையே சாய்த்து ஏறி இறங்குவதும் இப்போதைய வழக்கம். ஒரு விதத்தில் புஷ்னலின் விசிறிக்கே திரும்பி வந்திருக்கிறார்கள், கைக்குப் பதில் பேட்டரி.

2023 ஜூன் 18ஆம் தேதி டைட்டானிக்கைப் பார்க்கப் போன 'டைட்டன்' நொறுங்கி 5 பேர் இறந்தது நினைவிருக்கும். வீடியோ கேம் ரிமோட்டால் அதை ஓட்டினார்கள் என்று உலகமே கேலி செய்தது. ஆனால் உடைந்தது கார்பன் ஃபைபரில் செய்த உடம்பு, ரிமோட் அல்ல. நம் கண் சட்டென்று தெரிகிற இடத்துக்குத்தான் போகிறது.

டிரம்மும் பம்ப்செட் தொட்டியும்

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பையனுக்குக் கதையாகச் சொன்னேன். பாவர் தண்ணீரை உள்ளே விட்ட இடத்தில் வாயைப் பிளந்தான். ஹன்லி வந்ததும் பேச்சில்லை. அப்புறம் அவனே கேட்டான். "அப்பா, நம்ம டிரம்ல பாதிதானே தண்ணி இருக்கும்? உள்ள நான் நகர்ந்தா?"

"நீதான் அந்த நகர்கிற எடை" என்றேன்.

டிரம் பேச்சு அதோடு நின்றது. "கூடாது" என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் நீர்மூழ்கி நிற்கவில்லை. இரண்டு அங்குல பி.வி.சி. பைப் ஒன்றரை அடி, இரண்டு பக்கமும் மூடி, எம்-சீல், உள்ளே பொம்மைப் படகின் மோட்டாரும் பேட்டரியும், அசையாமல் ஒட்டியது. தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு வாங்கி அடியில் கட்டினோம். மேலே ஒரு ரூபாய் நாணயம் ஒன்று வைத்தால் முழுக வேண்டும், எடுத்தால் மிதக்க வேண்டும், அந்த அளவுக்கு ஈயத்தைச் சீவிச் சீவிச் சரி செய்தோம். (காசு எண்ணுவது ஒன்றுதான் இதில் எனக்குத் தெரிந்த வேலை.) இறக்கையை நடுவில் ஒட்டிப் பார்த்தான். வேலை செய்யவில்லை. "ஹாலண்டும் இதையேதான் பண்ணார்" என்று சிரித்துக்கொண்டே பிய்த்து வாலில் ஒட்டினான்.

பொங்கல் லீவுக்குத் தாராபுரம் பக்கம் ஊருக்குப் போனபோது, தோட்டத்துப் பம்ப்செட் தொட்டியில் விட்டோம். கொஞ்ச தூரம் மேலேயே போய், மூக்கைச் சாய்த்து, உள்ளே இறங்கி, முக்கால் தொட்டி நீளம் தண்ணீருக்கடியிலேயே போனது. எங்கப்பா வாய்க்கால் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மீனாட்ட போகுதே கண்ணு!" என்றார்.

எதிர்ச் சுவரில் மோதி, ஒயர் கழன்று மோட்டார் நின்றுவிட்டது. பையன் தண்ணீரில் குதிக்கப் போனான். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருடா. தானா வரும்."

மெதுவாக, கிடையாகவே, மேலே வந்து மிதந்தது.